சிற்றலை வானொலி கேட்டல்: குறைந்த செலவில் ஏரியலும் வானொலிப் பெட்டியும் தேர்ந்தெடுத்தல்

சிற்றலை வானொலி கேட்டல் என்பது 3 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் வரும் தொலைதூர ஒலிபரப்புகளைத் தேடிப் பிடித்துக் கேட்பதாகும். இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் டி.எக்ஸர்கள் எனவும், அவர்களது செயல் டி.எக்ஸிங் எனவும் அழைக்கப்படுகின்றன. இதற்கு மூன்று தேவைகள் உண்டு: இரைச்சல் குறைந்த இடம், ஏரியல் அல்லது ஆண்டெனா எனப்படும் அலைவாங்கி, வானொலிப் பெட்டி.

புதிதாகத் தொடங்குவோர் பலர் கையிலுள்ள பணம் முழுவதையும் வானொலிப் பெட்டிக்கே செலவிட்டு விடுகின்றனர். வீட்டுக்குள் வைத்து இயக்கும்போது அதில் ‘கர்’ என்ற இரைச்சல் மட்டுமே வருகிறது. சிற்றலையில் இனி ஒன்றும் இல்லை என்று எண்ணி அந்தப் பழக்கத்தையே கைவிடுகின்றனர். உண்மையில் சிற்றலையில் கேட்பின் தரத்தை முதலில் முடிவு செய்வது இடம், அடுத்து ஏரியல், கடைசியாகத்தான் பெட்டியின் விலை. குறைந்த செலவில் தொடங்குவோருக்கு இந்த வரிசை முக்கியமானது.

பின்னணி

தமிழ் நேயர்களுக்குச் சிற்றலை நீண்ட காலம் நெருக்கமாக இருந்தது. கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைத் தமிழ்நாட்டில் பலர் சிற்றலை வழியாகவே கேட்டனர். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது.

இணையம் பரவிய பின் பல நாடுகள் சிற்றலை ஒலிபரப்பைக் குறைத்தன. ஆஸ்திரேலிய வானொலி 2017 சனவரியில் சிற்றலையை நிறுத்தியது. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. எனினும் சிற்றலையின் தேவை முற்றிலும் மறையவில்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், அப்பகுதி மக்களுக்காக பி.பி.சி. 15735, 5875 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரு சிற்றலை அதிர்வெண்களில் செய்தி ஒலிபரப்பத் தொடங்கியது. கைபேசிக் கோபுரமும் இணையமும் செயலிழந்தாலும், மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் குரலைக் கேட்க முடியும் என்பதே இதன் தனிச்சிறப்பு.

ஒலிபரப்புகள் குறைந்துவிட்டதால் எஞ்சியவற்றைத் தெளிவாகப் பிடிப்பது முன்னைவிட முக்கியமாகிறது. அருகிலிருந்து வலுவாக வந்த நிலையங்கள் பல இன்று இல்லை. தொலைவிலிருந்து மெலிதாக வருபவற்றையே பெரும்பாலும் தேட வேண்டியுள்ளது.

சிற்றலைப் பட்டைகள்

பூமிக்கு மேலேயுள்ள அயனிமண்டலம் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புவதால் அவை கடல் கடந்தும் வந்து சேர்கின்றன. பகலில் அயனிமண்டலத்தின் கீழ் அடுக்கு குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. இரவில் அந்த அடுக்கு மறைவதால் குறைந்த அதிர்வெண்கள் வெகுதூரம் செல்கின்றன. எனவே பகலில் உயர் அதிர்வெண்களிலும், இரவில் தாழ் அதிர்வெண்களிலும் தேட வேண்டும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியக் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையும் இதைப் பாதிக்கிறது. கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் உயர் அதிர்வெண்கள் நன்கு ஒலிக்கும்.

அதிகம் பயன்படும் ஒலிபரப்புப் பட்டைகள் வருமாறு:

49 மீட்டர்: 5900 – 6200 கிலோஹெர்ட்ஸ் (இரவு)
41 மீட்டர்: 7200 – 7450 கிலோஹெர்ட்ஸ் (மாலை, இரவு)
31 மீட்டர்: 9400 – 9900 கிலோஹெர்ட்ஸ் (மாலை, இரவு, அதிகாலை)
25 மீட்டர்: 11600 – 12100 கிலோஹெர்ட்ஸ் (காலை, மாலை)
19 மீட்டர்: 15100 – 15800 கிலோஹெர்ட்ஸ் (பகல், மாலை)
16 மீட்டர்: 17480 – 17900 கிலோஹெர்ட்ஸ் (பகல்)

குறைந்த பணத்தில் பெட்டி வாங்குவோர் இந்த ஆறு பட்டைகளும் அதில் உள்ளனவா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்றவை கூடுதல் வசதிகளே.

இரைச்சல்: முதலில் கவனிக்க வேண்டியது

சிற்றலையில், குறிப்பாக 20 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வானொலிப் பெட்டிக்குள் உருவாகும் இரைச்சலைவிட வெளியிலிருந்து வரும் இரைச்சலே அதிகம். இதில் இயற்கை இரைச்சல் ஒரு பங்கு. வீட்டுச் சாதனங்கள் எழுப்பும் இரைச்சல் மற்றொரு பங்கு. நகரங்களில் இரண்டாவதே பெரிது. தரமற்ற எல்.இ.டி. விளக்குகள், கைபேசி சார்ஜர்கள், மடிக்கணினி அடாப்டர்கள், இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., சூரிய மின் இன்வெர்ட்டர், வைஃபை ரவுட்டரின் அடாப்டர் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் விலையுயர்ந்த பெட்டி, இரைச்சலையும் அதே அளவு கூட்டித் தரும். நேயருக்குத் தேவை ஒலியின் வலிமை அன்று. ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியே. அந்த இடைவெளி ஏரியல் இருக்கும் இடத்திலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது.

இரைச்சலின் மூலத்தைச் செலவின்றிக் கண்டறியலாம். பெட்டியை மின்கலத்தில் இயக்கி, நிலையம் எதுவும் இல்லாத ஓர் அதிர்வெண்ணில் வைக்க வேண்டும். பின்னர் வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இரைச்சல் சட்டென்று குறைந்தால் காரணம் வீட்டுக்குள்தான் உள்ளது. மின்சாரத்தை மீண்டும் கொடுத்து ஒவ்வொரு சாதனமாக இயக்கினால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பல வீடுகளில் அது ஒரே ஒரு மலிவான சார்ஜராகவோ விளக்காகவோ இருக்கும். அதை மாற்றுவதே சில நேரங்களில் புதிய பெட்டி வாங்குவதைவிடப் பலனளிக்கும்.

இரைச்சல் குறையாவிட்டால் அது அண்டை வீடுகளிலிருந்தோ தெரு மின்கம்பியிலிருந்தோ வருகிறது. அப்போது பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் எல்லா மூலைகளிலும் மொட்டை மாடியிலும் நடந்து பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகள் அலைகளைத் தடுப்பதால், அறையின் நடுவைவிட சன்னலோரமும், சன்னலைவிட மாடியும் பொதுவாக நன்றாக இருக்கும். இரைச்சல் மிகக் குறைந்த இடமே ஏரியல் கட்ட ஏற்ற இடம்.

ஏரியல்

பெட்டியோடு வரும் கம்பி

கைப்பெட்டிகளில் நீட்டி மடக்கும் கம்பி ஏரியல் இருக்கும். மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ இது ஒன்றே பல நிலையங்களைப் பிடித்துத் தரும். வீட்டுக்குள் இரைச்சல் தரும் சாதனங்களுக்கு மிக அருகில் இருப்பதுதான் இதன் குறை.

நீள்கம்பி ஏரியல்

மிகக் குறைந்த செலவில் அமையும் ஏரியல் இது. மின்கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட சாதாரணச் செம்பு ஒயர் 7 முதல் 10 மீட்டர் போதும். ஒரு முனையை நைலான் கயிற்றால் மரத்திலோ மாடிக் கம்பத்திலோ கட்டி, மறு முனையைச் சன்னல் வழியாகக் கொண்டுவந்து பெட்டியின் கம்பி ஏரியலில் கிளிப் போட்டு இணைக்க வேண்டும். பெட்டியில் வெளி ஏரியலுக்கான 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அதற்கேற்ற பின்னைப் பயன்படுத்தலாம். ஒயர் சுவரையும் இரும்புக் கிராதியையும் விட்டுத் தள்ளி இருப்பது நல்லது.

நீளம் கூடக் கூட நன்றாகக் கேட்கும் என்பது பரவலாக உள்ள தவறான எண்ணம். கைப்பெட்டிகள் சிறிய கம்பிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. 20, 30 மீட்டர் ஒயரை இணைத்தால் வலுவான சமிக்ஞைகள் உள்ளே நெரிந்து, இல்லாத இடங்களிலும் நிலையங்கள் ஒலிக்கும். சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் போன்ற வலுவான மத்திய அலை நிலையங்களுக்கு அருகில் வசிப்போருக்கு இந்தச் சிக்கல் அதிகம். அவ்வாறு நேர்ந்தால் ஒயரை வெட்டிக் குறைக்கலாம். அல்லது கிளிப் போடாமல், உறையிட்ட ஒயரைக் கம்பி ஏரியலின் மேல் ஐந்தாறு சுற்றுகள் சுற்றிவிடலாம். உலோகம் நேரடியாகத் தொடாததால் சமிக்ஞை அளவாகச் செல்லும்.

ஒயர் மாடியில் இருந்தாலும் அது வீட்டுக்குள் வரும் பகுதி இரைச்சலை வாங்கிவிடும். இதைத் தடுக்க மாடியிலிருந்து பெட்டி வரை கோஆக்சியல் கேபிளைப் பயன்படுத்தலாம். நீள்கம்பியையும் கேபிளையும் இணைக்கும் இடத்தில் 9:1 என்ற விகிதத்தில் சுற்றப்பட்ட சிறு மின்மாற்றி ஒன்றை வைப்பது வழக்கம். கேபிளின் பின்னலை அந்த இடத்திலேயே மண்ணில் அடித்த செம்புக் கம்பியோடு இணைத்தால் இரைச்சல் மேலும் குறையும். வீட்டு மின் பிளக்கில் உள்ள எர்த் துளையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது ஆபத்தானது, வீட்டின் இரைச்சலையும் ஏரியலுக்குள் கொண்டுவந்து விடும்.

இருமுனை ஏரியல்

இடவசதி உள்ளவர்களுக்கு டைபோல் எனப்படும் இருமுனை ஏரியல் ஏற்றது. இதன் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய 143ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுக்க வேண்டும். 31 மீட்டர் பட்டையின் நடுவான 9.6 மெகாஹெர்ட்ஸுக்கு இது ஏறத்தாழ 15 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்திற்கு 7.5 மீட்டராக இருபுறமும் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றில் இரு முனைகளையும் கட்டி, கேபிளின் உள்கம்பியை ஒரு பக்கத்திலும் பின்னலை மறுபக்கத்திலும் இணைக்க வேண்டும்.

கேபிள் டி.வி. இணைப்பில் பயன்படும் ஆர்.ஜி.-6 கேபிள் 75 ஓம் மின்மறுப்பு கொண்டது. டைபோலின் மின்மறுப்பும் அதற்கு அருகிலேயே இருப்பதால் வீட்டில் மீந்து கிடக்கும் கேபிளே இதற்குப் போதும். அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியமாக இருப்பதால் ஈயப் பற்று ஒட்டாது. திருகி இறுக்கும் இணைப்பான்களைப் பயன்படுத்த வேண்டும். கிடையாகக் கட்டிய டைபோல் தன் நீளத்திற்குக் குறுக்கான திசைகளில் நன்கு கேட்கும். வடக்குத் தெற்காகக் கட்டினால் கிழக்கு, மேற்கு நாடுகளின் ஒலிபரப்புகள் நன்றாக வரும். ஒரு பட்டைக்காக அளந்து கட்டினாலும் மற்றப் பட்டைகளிலும் கேட்பதற்கு இது பயன்படும்.

வளைய ஏரியல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒயர் கட்ட இடமில்லாதவர்களுக்கு வளைய ஏரியல் உதவும். ஒரு மீட்டர் அளவு குறுக்களவுள்ள கம்பி வளையமும் அதோடு ஒரு சிறு மிகைப்பியும் கொண்டது இது. அருகிலுள்ள சாதனங்களின் இரைச்சலை இது ஒப்பீட்டளவில் குறைவாகவே வாங்கும். வளையத்தைத் திருப்பி, குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் இரைச்சலை மேலும் குறைக்கலாம். எம்.எல்.ஏ.-30 போன்ற மலிவான வளையங்கள் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன. அதைக் கைபேசி சார்ஜரில் இணைத்தால் சார்ஜரின் இரைச்சலே ஏரியலில் ஏறிவிடும். இரைச்சல் எழுப்பாத பவர் பேங்க் ஏற்றது.

பாதுகாப்பு

ஏரியல் ஒயர் எந்த மின்கம்பிக்கும் மேலாகவோ கீழாகவோ செல்லக் கூடாது. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் கட்ட வேண்டும். கோடை இடி மழையின் போதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கூடுதல் கவனம் தேவை. கேட்டு முடித்ததும் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதன் முனையைச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். மின்னல் அருகில் விழாவிட்டாலும், ஒயரில் சேரும் நிலைமின்னூட்டம் பெட்டியின் முதல் டிரான்சிஸ்டரைப் பழுதாக்கக்கூடும்.

வானொலிப் பெட்டி

முள் நகரும் பெட்டிகள்

சில நூறு ரூபாயில் கிடைக்கும் பல பட்டைப் பெட்டிகளில் முள்ளை நகர்த்தி நிலையத்தைத் தேட வேண்டும். இவற்றில் சரியான அதிர்வெண் தெரியாது. சூடாகும்போது நிலையம் நகர்ந்துவிடும். இவற்றின் இடைநிலை அதிர்வெண் பொதுவாக 455 கிலோஹெர்ட்ஸ் என்பதால், வலுவான நிலையம் ஒன்று அதன் இருமடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் போலியாக ஒலிக்கும். 9690இல் உள்ள நிலையம் 8780இலும் கேட்பது இதனால்தான். ஏற்கனவே வீட்டில் இருந்தால் தொடங்குவதற்கு இது போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் அதிர்வெண்ணை எண்ணில் காட்டும் பெட்டியே சிறந்தது.

எண்முறைப் பெட்டிகள்

அதிர்வெண்ணை எண்களில் தட்டி நேரடியாகச் செல்லும் வசதி கொண்ட பெட்டிகளில், டி.எஸ்.பி. எனப்படும் எண்முறைச் செயலாக்கச் சில்லுகள் உள்ளவை விலை குறைந்தவை. டெக்சன் பி.எல்.-380, பி.எல்.-310 இ.டி. ஆகியவை இவ்வகை. இரண்டும் 21950 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்க உதவும். பி.எல்.-310 இ.டி.யில் வெளி ஏரியலுக்கான துளை உண்டு, பி.எல்.-380இல் இல்லை. ஒலிபரப்பு நிலையங்களை மட்டும் கேட்க விரும்புவோருக்கு இவை போதுமானவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு: எண்களால் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி, வெளி ஏரியல் துளை, அருகருகே உள்ள நிலையங்களைப் பிரிக்க உதவும் பட்டை அகல மாற்றி, மின்கலத்தில் இயங்கும் வசதி. நான்காவது இரைச்சலைத் தவிர்க்கவும் மின்வெட்டில் பயன்படவும் மிகவும் தேவை.

எஸ்.எஸ்.பி. வசதி

அமெச்சூர் வானொலியினர் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசுகின்றனர். சாதாரணப் பெட்டியில் இது புரியாத முனகலாகவே கேட்கும். 7000 – 7200 கிலோஹெர்ட்ஸில் நடக்கும் ஹாம் உரையாடல்களைக் கேட்க விரும்புவோருக்கு இந்த வசதி வேண்டும். டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 ஆகியவை இவ்வசதி கொண்ட சிறு பெட்டிகள். இரண்டும் 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்க உதவுவதோடு வெளி ஏரியல் துளையும் கொண்டவை. கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. அமெச்சூர் ஒலிபரப்புக்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்.

மென்பொருள் வானொலி

கணினி வைத்திருப்போருக்கு எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் வானொலி மற்றொரு வழி. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். எனும் யு.எஸ்.பி. குச்சி விலை குறைந்தது. இதன் சாதாரண வகைகள் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் இயங்கும். சிற்றலைக்கு நேரடி மாதிரியெடுப்பு வசதி உள்ள மூன்றாம் பதிப்பையோ, அதிர்வெண் மாற்றி உள்ளேயே அமைந்த நான்காம் பதிப்பையோ கேட்டு வாங்க வேண்டும். ஒரு பட்டை முழுவதையும் திரையில் கண்ணால் பார்த்துத் தேட முடிவது இதன் பெரும் நன்மை. கணினியும் அதன் அடாப்டரும் எழுப்பும் இரைச்சல் இதன் குறை. குச்சியை நீட்டிப்புக் கேபிளால் கணினியிலிருந்து தள்ளி வைத்து, மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கினால் இது குறையும்.

எதுவும் வாங்காமல் கேட்டுப் பார்க்கவும் வழியுண்டு. நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்-எஸ்.டி.ஆர். வானொலியையும், உலகின் பல இடங்களில் உள்ள கிவி-எஸ்.டி.ஆர். வானொலிகளையும் இணைய உலாவியில் இலவசமாக இயக்கலாம். அந்தந்த ஊரில் என்ன கேட்கிறதோ அதுவே நேயருக்கும் கேட்கும். சிற்றலை எப்படி ஒலிக்கும், எஸ்.எஸ்.பி.யை எப்படித் திருத்தமாகப் பிடிப்பது என்பவற்றைச் செலவு செய்யும் முன் பழகிக்கொள்ள இது உதவும்.

செலவைப் பிரிக்கும் முறை

குறைந்த பணத்தில் தொடங்கும் மாணவர் ஒருவர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. இணைய வழி வானொலிகளில் சில நாட்கள் கேட்டுப் பழகுதல். செலவு இல்லை.
2. வீட்டிலோ உறவினரிடமோ உள்ள பழைய பெட்டியைக் கொண்டு இரைச்சல் குறைந்த இடத்தைக் கண்டறிதல். செலவு இல்லை.
3. அந்த இடத்தில் 7 முதல் 10 மீட்டர் ஒயர் கட்டுதல். ஒயர், கயிறு, கிளிப் ஆகியவற்றின் விலை மட்டுமே.
4. இவற்றுக்குப் பின்னும் ஆர்வம் நிலைத்தால் எண்முறைப் பெட்டி வாங்குதல். ஹாம் உரையாடல்களிலும் ஆர்வம் இருந்தால் எஸ்.எஸ்.பி. உள்ளதை வாங்குதல்.
5. ஒயர் கட்ட வழியே இல்லாதபோது மட்டும் வளைய ஏரியல் வாங்குதல்.

சோதித்துப் பார்த்தல்

ஏரியலின் தரத்தை ஒப்பிட, எப்போதும் ஒலிக்கும் நேரச் சமிக்ஞை நிலையங்கள் வசதியானவை. சீனாவின் பி.பி.எம். நிலையம் 5000, 10000 கிலோஹெர்ட்ஸ் உள்ளிட்ட அதிர்வெண்களில் ஒவ்வொரு நொடிக்கும் ‘டிக்’ ஒலி எழுப்புகிறது. மாலையில் இது கேட்கிறதா என்று முதலில் கம்பி ஏரியலிலும், உடனே நீள்கம்பியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். சிற்றலை நொடிக்கு நொடி ஏறி இறங்கும் என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பலமுறை, பல நாட்கள் ஒப்பிட வேண்டும். பெட்டியின் திரையில் எழும் கோடுகளின் எண்ணிக்கை இரைச்சலால்கூட ஏறும். பேச்சு எந்த அளவு புரிகிறது என்பதே சரியான அளவுகோல்.

நிகழ்ச்சி நிரல்கள் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் வெளியிடப்படுகின்றன. இந்திய, இலங்கை நேரத்தை அறிய அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 14:30 என்று இருந்தால் அது இங்கு இரவு 8 மணி. நிலையங்கள் மார்ச் மாத இறுதியிலும் அக்டோபர் மாத இறுதியிலும் அதிர்வெண்களை மாற்றுவது வழக்கம். அந்த வாரங்களில் வழக்கமான நிலையம் காணாமல் போனால் ஏரியலைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் புதிய நிரலைப் பார்ப்பது நல்லது.

கேட்டவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும் நேயர்கள் தேதி, நேரம், அதிர்வெண், நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றுடன் சின்போ எனும் ஐந்து எண் மதிப்பீட்டையும் எழுதுகின்றனர். சமிக்ஞை வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை எண் இடப்படும். இந்த அறிக்கையை நிலையத்துக்கு அனுப்பினால், கேட்டதை உறுதி செய்யும் கியூ.எஸ்.எல். அட்டையைப் பல நிலையங்கள் அனுப்புகின்றன. நேயருக்கு அது நினைவுப்பொருள். நிலையத்துக்கோ, தன் ஒலிபரப்பு இன்னும் எங்கெல்லாம் சென்று சேர்கிறது என்பதை அறியும் வழி. மாடியில் கட்டிய பத்து மீட்டர் ஒயரில் கேட்டு எழுதிய அறிக்கையும் விலையுயர்ந்த கருவியில் கேட்டு எழுதிய அறிக்கையும் அங்கே ஒரே மதிப்பைப் பெறுகின்றன.